ஆறுக்கு அடுத்த நடைமேடை

ரயில் நிலையத்தில் எல்லாருக்கும் அவள் ழானாக்கா. ஒலிபெருக்கி அறையில் உட்கார்ந்து, வருகிற வண்டி போகிற வண்டி எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கச் சொல்லுவது அவள் வேலை. அந்தப் பட்டத்தை முதலில் வைத்தது துப்புரவுப் பெண்களா, டிக்கெட் கவுண்டர்க்காரியா என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. காரணத்தில் தகராறு கிடையாது. அவள் காதுபட யாராவது "வாளப்பளம்" என்று சொல்லிவிட்டால் போதும், ஆளைப் பிடித்து நிறுத்திவிடுவாள். "நாக்கை மடிங்க. இன்னும் மடிங்க. மேல ஒட்டக் கூடாது. ம், இப்பச் சொல்லுங்க." ஒழுங்காகச் சொல்லாமல் அவளிடமிருந்து தப்பியவர் யாரும் இல்லை. அதனால் வண்டியைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு வீம்பு பிடிக்கிறாளே, பிறக்கும்போதே ழகரத்தோடு பிறந்தாளா என்றால், அதெல்லாம் இல்லை. அவள் பிறந்த வீட்டில் மளைதான் பெய்தது, பளம்தான் பளுத்தது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் எழுந்து நின்று பாடம் வாசித்தவள் "ஒரு ஏளை மனிதன்" என்று ஆரம்பித்தாள். வகுப்பே சிரித்தது. பிள்ளைகள் சிரித்ததைக்கூட மறந்திருப்பாள், டீச்சரும் சேர்ந்து சிரித்துவிட்டார். அன்றைக்குக் கண்ணாடி முன்னால் போய் நின்று வாயைத் திறந்தவள், நாக்கு சொன்னபடி கேட்கும்வரை மூடவில்லை. ஆகவே ழ அவளுக்குப் பரம்பரைச் சொத்து அல்ல, சுயசம்பாத்தியம். அதை யாராவது கண்டபடி செலவழித்தால் அவளுக்குப் பொறுக்காது.

டிக்கெட் கவுண்டர் வேலைக்குத்தான் முதலில் வந்தாள். அறிவிப்பு சொல்லுகிறவருக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொள்ள, "இன்னைக்கு மட்டும் நீ போய்ப் பேசு" என்று அனுப்பினார்கள். போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "பயணிகளின் கவனத்திற்கு. கிழக்கு முனையம் வழியாகத் துறைமுகம் செல்லும் வண்டி ஏழாம் நடைமேடையிலிருந்து புறப்படும்." ஒரே மூச்சில் மூன்று ழ. அந்த நிலையத்தின் கூட்டமெல்லாம் ஏழாம் நடைமேடையில்தான் என்பதால், ஒரு நாளில் அவள் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் ஏழு. அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவளுக்கு அது இனிப்பு.

கட்டிக்கொண்டதோ, அதைத் தலைகீழாக நின்றாலும் சொல்ல வராத ஒருவரை. தையல் மெஷின் மெக்கானிக். அடுத்த தெருவில் ஒரு மெஷின் ஓடினால், அதில் எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று இங்கே இருந்தே சொல்லிவிடுவார். ஆனால் வாயைத் திறந்தால் "ஏளு", "மளை". கல்யாணமான புதிதில் அவள் எவ்வளவோ முயன்றாள். "எனக்குக் காதுதான் நல்லா வேலை செய்யும், நாக்கு சுமார்தான்" என்று சிரித்தே சமாளித்துவிட்டார். ஊரையே திருத்தியவளுக்கு வீட்டில் தோல்வி.

நோய் முதல்முறை வந்தபோது இடது மார்பை எடுத்தார்கள். ஊசி மருந்தில் தலைமுடி, புருவம் எல்லாம் கொட்டியது. அவள் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ஒலிபெருக்கி அறைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருந்து ஓய்வு எடுக்கச் சொன்ன மேலாளரிடம், "மைக்குக்கு முடி தெரியாது சார்" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது. பிறகு பல வருடங்கள் நல்லபடியாகவே போயின. முடி முன்பைவிடச் சுருட்டையாக முளைத்தது, வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோனது.

அப்புறம் இடுப்பில் வலி வந்தது. நாற்காலியைக் குறை சொன்னாள். புது நாற்காலி வந்தது, வலி போகவில்லை. படம் எடுத்துப் பார்த்தால் எலும்பில் ஓரிடம், ஈரலில் சில இடங்கள். மார்பில் இருந்த அதே நோய்தான், இடம் மாறி உட்கார்ந்திருந்தது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இதை அடியோட எடுத்துட முடியாதும்மா. கட்டுப்படுத்தி வச்சுக்கலாம். ஒரு மருந்து கேக்கலைன்னா இன்னொண்ணு." முதலில் கொடுத்த மருந்து கொஞ்ச காலம் கேட்டது, பிறகு கைவிட்டது. அடுத்து கொடுத்ததுதான் நம் கதையின் மாத்திரை. புதுசு. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. "நல்ல மருந்து. ஆனா பக்கவிளைவு இருக்கும். எது வந்தாலும் உடனே சொல்லணும்" என்றார்.

உடனே சொல்லணும் என்றது அவள் காதில் ஏறவே இல்லை. "ஒண்ணு கேக்கலைன்னா இன்னொண்ணு" என்றாரே, அந்த இன்னொண்ணுகள் எத்தனை மிச்சம் இருக்கும் என்பதிலேயே மனம் நின்றுவிட்டது. பக்கவிளைவு என்று வாயைத் திறந்தால் மாத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள். கையில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், மூச்சு விடக் கூடாது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்கும்போதே இப்படி முடிவு கட்டிவிட்டாள்.

மாத்திரை ஆரம்பித்துச் சில நாளிலேயே வாயில் தீப்பிடித்தது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தில் 'வாய்ப்புண் வரலாம்' என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தார்கள். எழுதியவன் வாயில் வந்திருந்தால் ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பான். உதட்டின் உள்பக்கம், கன்னத்துச் சதை, நாக்கின் இரண்டு ஓரமும் வெள்ளை வெள்ளையாகப் புண். பற்பசை எரிந்தது. தண்ணீர் எரிந்தது. காரம் இல்லாமல் ஒரு வாய் இறங்காத மனுஷி, மசித்த உருளைக்கிழங்கைக் கண்ணில் தண்ணீர் வர விழுங்கினாள். மெக்கானிக் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிச் சுத்தியலால் தட்டித் தூளாக்கி, ஒரு கிண்ணத்தில் போட்டு அவள் பக்கத்தில் வைப்பார். "ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லு" என்பார். "சொல்லிட்டேன், பொறுத்துக்கச் சொன்னாங்க" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஃபோன் பண்ணிக் கேட்டார். கறார் சிஸ்டர் என்று நோயாளிகளெல்லாம் பயப்படுகிற ஆள் அவர். "எப்படி இருக்கீங்க? வாயில ஏதாவது?" என்றால், "நல்லா இருக்கேன் சிஸ்டர், ஒண்ணுமில்ல" என்றாள் இவள். அந்தப் பதிலில் ஒரு ழகூட இல்லாததால் சுலபமாக வந்தது.

மற்றது சுலபமாக வரவில்லை. ழ சொல்ல வேண்டுமானால் நாக்கை மடிக்க வேண்டும், மடித்தால் அதன் இரண்டு ஓரமும் கடைவாய்ப் பல்லில் உரசும். புண் இருந்ததோ சரியாக அந்த இரண்டு ஓரத்திலும். ஒருநாள் காலை, வழக்கம்போல மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு பேசினாள். நிலையம் முழுக்கக் கேட்டது: "ஏளாம் நடைமேடை." துப்புரவுப் பெண்கள் துடைப்பத்தை நிறுத்தினார்கள். வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு டிக்கெட் கவுண்டர்க்காரி ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

"அக்கா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ போய்ச் சீட்டுக் கொடு."

ழானாக்காவுக்குக் காதெல்லாம் சுட்டது. அந்தப் பழைய வகுப்பறையில் மறுபடி எழுந்து நின்றதுபோல இருந்தது. அன்று முதல் ஒரு வேலை செய்தாள். இதை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள், இவளைப்போல வீம்பு பிடித்தவளால்தான் முடியும். வாயில் வராத ழகரத்தைத் தப்பாகச் சொல்லுவதைவிட, ழ உள்ள சொல்லையே சொல்லாமல் விடுவது என்று தீர்மானித்தாள். ஏழாம் நடைமேடை, "ஆறுக்கு அடுத்த நடைமேடை" ஆனது. கிழக்கு முனையம், "சூரியன் உதிக்கும் பக்கத்து முனையம்" ஆனது. மழையால் வண்டி தாமதம் என்று சொல்ல வேண்டிய நாளில், "வானிலிருந்து விடாமல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருப்பதால்" என்றாள். காணாமல்போன குழந்தை, "அம்மாவைத் தேடும் சின்னப் பிள்ளை" ஆனது. பயணிகளில் சிலர் இதை ரசிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அந்தம்மாவுக்கு இன்றைக்கு நல்ல மனநிலை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். மனநிலையைப் பற்றி அவளிடமே கேட்டிருக்கலாம்.

இது எத்தனை நாள் ஓடும்? ஆறுக்கு அடுத்தது ஏழு என்பது ஒரு பக்கம் இருந்து எண்ணுகிறவனுக்கு. எதிர்வாசல் வழியாக வருகிறவனுக்கு ஆறுக்கு அடுத்தது ஐந்து. ஒரு மாலை, துறைமுகம் போகிற கூட்டத்தில் பாதி ஐந்தாம் நடைமேடையில் போய் நின்றது. அங்கே நின்றபடியே, எதிரே தங்கள் வண்டி கிளம்பிப் போவதை வேடிக்கை பார்த்தது. வேடிக்கை முடிந்ததும் மேலாளர் அறை வாசலில் போய்க் கத்தியது.

மேலாளர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"அம்மா, உங்களுக்கு முடியலைன்னு தெரியுது. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரு விஷயம். இனிமே அறிவிப்பெல்லாம் பதிவு பண்ணி மெஷின்ல போடப் போறாங்க. நம்ம நிலையத்துக்கு உங்க குரல்தான் வேணும்னு நான் எழுதிக் கேட்டு வச்சிருந்தேன். பதிவுக்கு ஆள் வரப்போறார்."

"வரட்டும் சார்."

"இல்ல, உங்களுக்கு முடியலைன்னா தலைமை ஆபீஸ்ல ஏற்கனவே ஒரு குரல் தயாரா இருக்கு. அதையே போட்டுக்கலாம். கஷ்டப்படாதீங்க." சொன்னதோடு நிற்காமல் ஃபோனில் அதைப் போட்டும் காட்டினார்.

இளமையான குரல். தேனாக இருந்தது. அந்தத் தேன் குரல் சொன்னது: "கிலக்கு முனையம் வலியாக, ஏலாம் நடைமேடை."

ஏளுகூட இல்லை, ஏலு. ழானாக்கா இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். இத்தனை வருடம் தான் காவல் காத்த இடத்தில், தன் காலத்துக்குப் பிறகும் தினமும் காலை முதல் இரவுவரை ஏலாம், ஏலாம், ஏலாம். அவளுக்கு நோய் திரும்பிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றுகூட வராத அழுகை அப்போது முட்டிக்கொண்டு வந்தது. "என் குரல்லயே பதிவு பண்ணலாம் சார். சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

எப்படிச் சரியாகும் என்பது அவளுக்குத் தெரியும். மறுநாளிலிருந்து மாத்திரையை எடுக்கவில்லை. பதிவு முடிகிறவரைக்கும்தான், அப்புறம் மறுபடி ஆரம்பித்துவிடலாம் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சொன்னால் மாத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தவள், தானே அதைப் பிடுங்கி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். மனுஷ புத்தி இருக்கிறதே, அதற்கு மருந்து இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

புண் ஆறத் தொடங்கியது. டீயைச் சூடாகக் குடிக்க முடிந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, மெதுவாக, "ஏழு, ஏழு" என்று சொல்லிப் பார்த்தாள். வந்தது. ஆனாலும் வீட்டில் ஜாக்கிரதையாக இருந்தாள், மெக்கானிக் காதில் விழுகிறபடி "தண்ணி", "சோறு" என்று ஆபத்தில்லாத சொற்களாகவே பேசினாள். குட்டு அதிக நாள் நிற்கவில்லை. ஒரு காலை, கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனிதரிடம் அடுப்படியிலிருந்தே சொன்னாள்:

"வரும்போது வாழைப்பழம் வாங்கிட்டு வாங்க."

ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தது, இன்னொன்று மாட்டவில்லை. மெக்கானிக் அப்படியே நின்றார்.

"என்ன சொன்ன?"

"வாழைப்பழம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்கு வந்து, அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார். மெஷின் ஓடும்போது திடீரென்று சத்தம் நின்றுபோனால் நிமிர்ந்து பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"புண் வந்த புதுசுல வாளப்பளம்னுதான் சொன்ன. நானும் நீயும் இப்பத்தான் ஒரே வீட்டு ஆளுங்க மாதிரிப் பேசுறோம்னு கிண்டல் பண்ணேன். இன்னைக்கு ரெண்டும் சுத்தமா வருது. மாத்திரையை நிறுத்திட்டியா?"

பூசி மெழுகப் பார்த்தாள். அவர் பிடிகொடுக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக ழ எது, ள எது என்று அந்தக் காதுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தானே. கடைசியில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஆமா, நிறுத்திட்டேன். இப்ப என்ன? மார்பு போச்சு, முடி போச்சு, இடுப்பு போச்சு. எங்கிட்ட முழுசா மிச்சம் இருந்தது இந்த ஒண்ணுதான். அதையும் கொடுத்துட்டு வெறும் மூட்டையா உக்காந்திருக்கணுமா? எனக்கப்புறம் அங்க எவளோ ஏலாம் ஏலாம்னு கத்துவா. அதைக் கேட்டுட்டு நீங்களும் வண்டி ஏறுவீங்க."

மெக்கானிக் கோபப்படுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பட்டார்.

"நீ ஏளுன்னு சொல்லு. ஏலுன்னு சொல்லு. ஒண்ணுமே சொல்லாம ஊமையா இரு. எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இரு. புரியுதா? நீ இருக்கணும்." தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டார்.

அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைத்துவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தான் சாகப் பயப்படுகிறேன் என்பதை அவரிடம் அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள். அவரும் அதையே சொன்னார். அழுது முடித்து முகம் கழுவி, இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

கறார் சிஸ்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். ஆறிக்கொண்டிருந்த தழும்புகளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டன.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு ஃபோன்ல சொன்னது இதைத்தானா?"

"சொன்னா மாத்திரையை நிறுத்திடுவீங்கன்னு நெனச்சேன் சிஸ்டர்."

"அதனால நீங்களே நிறுத்திட்டீங்க."

சிஸ்டர் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார். "இந்த மாத்திரைக்கு வாய்ப்புண் வராத ஆளைத்தான் நாங்க அதிசயமாப் பாப்போம். வாய் கொப்பளிக்க மருந்து இருக்கு. புண் பெருசா வந்தா டாக்டரே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சு, ஆறினதும் அளவைக் குறைச்சுத் திரும்ப ஆரம்பிப்பார். குறைச்சுக் கொடுத்தா கேக்காதுன்னு இல்ல. நிறையப் பேர் குறைஞ்ச அளவுலதான் நல்லா ஓடிட்டிருக்காங்க. நாங்க நிறுத்துறதுக்கும் நீங்களா நிறுத்துறதுக்கும் வித்தியாசம் இருக்கும்மா."

"திட்டுங்க சிஸ்டர்."

"திட்டிட்டுத்தான் இருக்கேன். கவனிங்க."

டாக்டரும் அதையேதான் சொன்னார். புண் முழுசாக ஆறட்டும், குறைந்த அளவில் மறுபடி ஆரம்பிக்கலாம், சில வாரம் கழித்துப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். கொப்பளிக்கிற மருந்து ஒரு பாட்டில், சின்னப் பிள்ளைகள் பல் தேய்க்கிற மெத்தென்ற பிரஷ், காரம் புளிப்பு கிட்டே வரக் கூடாது என்ற உத்தரவு, இவற்றோடு வீட்டுக்கு வந்தாள். மருந்தை வாய்க்குள் வைத்து நாலு பக்கமும் சுழற்றித் துப்ப வேண்டும். சுழற்றும்போது பேச முடியாது. அவள் வாயை மூடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தை மெக்கானிக் வீணாக்கவில்லை. குழாயைச் சரிபண்ணவில்லை என்று அவள் என்றைக்கோ திட்டியதுமுதல் எல்லாவற்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். அவள் கண்ணாலேயே எரித்தாள்.

மாத்திரை மறுபடி உள்ளே போனது. புண் மறுபடி வந்தது. ஆனால் இந்த முறை வந்தது சின்ன அளவில், நாக்கின் ஒரே ஓரத்தில். அன்றே சிஸ்டருக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள். "பரவாயில்லையே" என்றார் சிஸ்டர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் விசாரித்தால் சொல்லுவார்கள்.

பதிவு நாள் வந்தது, அந்தப் புண்ணும் கூடவே வந்தது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. பதிவுக்காரர் காதில் கவசம் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். ழானாக்கா ஐஸ் தூள் இருந்த பிளாஸ்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அறிவிப்பு படிக்கத் தயாராக மூச்சை இழுத்தாள்.

"முழுசாப் படிக்க வேணாம் மேடம்" என்றார் அவர். "வண்டி பேரு தனியா, ஊர் தனியா, எண் தனியா சொல்லுங்க. ஒட்டவைக்கிறதை மெஷின் பார்த்துக்கும். ஏழாம்ங்கிறது ஒரே ஒரு தடவை சரியா வந்தாப் போதும், ஆயுசுக்கும் அதையே போட்டுக்கலாம்."

"ஒரே ஒரு தடவையா?"

"ஒரே ஒரு தடவை."

ஒரே ஒரு ஏழு. அதற்காக அல்லவா உயிரைத் தூக்கித் துணிக்கு அடியில் வைத்தோம் என்று நினைத்தபோது தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மேலாளரைக் கேட்டிருக்கலாம், சிஸ்டரைக் கேட்டிருக்கலாம், வீட்டில் இருந்த மனுஷனைக் கேட்டிருக்கலாம். வாயே பிழைப்பாக இருந்தவள், கேட்க வேண்டிய இடத்தில் அதைத் திறக்கவில்லை.

"சரி, எடுங்க. போதும்னு நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது" என்றாள்.

மற்ற சொற்களெல்லாம் ஓடிவந்தன. கிழக்குக்கும் வழியாகவுக்கும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஏழுக்கு வந்தபோது, முதல் தடவை புண் பல்லில் உரசி ளகரமாகச் சரிந்தது. ஐஸ் தூளை நாக்கின் ஓரத்தில் வைத்து, மரத்துப்போகும்வரை காத்திருந்தாள். இரண்டாவது பரவாயில்லை. பதிவுக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இவள் கையை ஆட்டி மறுத்தாள். மறுபடி ஐஸ், மறுபடி ஏழு. எத்தனையாவது தடவையோ தெரியாது, நாக்கு மடிந்து, எங்கும் ஒட்டாமல் நின்று, அந்தச் சொல் வட்டமாக வெளியே வந்தது. சொன்னவளுக்கே அது தெரிந்துவிட்டது. "போதும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வலியிலா, வேறு எதிலா என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்கவில்லை.

"மேடம், ஆறுக்கு அடுத்த நடைமேடைன்னு சொன்னது நீங்கதானே?" என்றார் கிளம்பும்போது. "அன்னைக்கு அஞ்சாவதுல நின்னு வண்டியை விட்டவங்கள்ல நானும் ஒருத்தன்."

அதன் பிறகு வந்த படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டே வரி. ஈரலில் இருந்தவை வளரவில்லை, ஒன்று சுருங்கியிருந்தது. எலும்பில் இருந்தது அப்படியே இருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இதே மாத்திரை, இதே அளவு. ஓடட்டும்" என்றார். வெளியே வந்ததும் மெக்கானிக் நடைவழியிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கறார் சிஸ்டர் அந்தப் பக்கமாகப் போனார். வழியை மறிக்காதீர்கள் என்று சொல்லவில்லை.

இப்போது வழக்கமான அறிவிப்புகளை மெஷின் பார்த்துக்கொள்கிறது. தாமதம், தொலைந்த பிள்ளை, தவறவிட்ட பை என்று மெஷினுக்குத் தெரியாத விஷயங்களுக்கு இன்னமும் ழானாக்காதான். புண் இல்லாத நாளில் குழந்தை, புண் உள்ள நாளில் சின்னப் பிள்ளை. டிக்கெட் கவுண்டர்க்காரி அதைக் கேட்டே அன்றைக்கு அக்காவுக்குச் சூடாக டீ கொண்டுபோவதா, ஆற வைத்துக் கொண்டுபோவதா என்று முடிவு செய்கிறாள்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்கு அடுத்த மாத மாத்திரை வாங்கப் போவதற்காக, அவளும் மெக்கானிக்கும் பயணிகளாக நடைமேடையில் நின்றார்கள். வாயில் புண் இருந்த நாள் அது. கையில் பெட்டியோடு மூச்சு வாங்க ஓடிவந்த பெரியவர் ஒருவர் அவளைத்தான் கேட்டார்.

"ஏம்மா, துறைமுகம் வண்டி எதுல வருது?"

"இதுலதாங்க. ஏளு."

கூச்சமே இல்லாமல் சொன்னாள். அதே நேரம் தலைக்கு மேலே ஒலிபெருக்கி பேசியது. அவளுடைய குரல்தான், ஐஸ் வைத்து எடுத்த அந்த ஏழுதான்: "கிழக்கு முனையம் வழியாகத் துறைமுகம் செல்லும் வண்டி, ஏழாம் நடைமேடையிலிருந்து புறப்படும்."

பெரியவர் பெட்டியைக் கீழே வைத்தார். நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார்.

"ஏளு இல்லம்மா, ஏழு. மேல அந்தம்மா எவ்வளவு சுத்தமாச் சொல்றாங்க பாருங்க. அவங்களைக் கேட்டுக் கத்துக்கணும்."

மெக்கானிக் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ழானாக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் புண் இழுத்து வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"கத்துக்கிறேங்க. அதுக்கென்ன, நெறைய நாள் இருக்கு" என்றாள்.

வண்டி வந்து நின்றது. பெரியவரின் பெட்டியை மெக்கானிக் தூக்கிக் கொடுத்தார், மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள்.